நின்று ஓடும் ஓட்டம்

சேலத்தினின்று நாமக்கல்லுக்குப் பேருந்திற் செல்வோர் சாளரத்தின் வழியே நோக்குவாராயின், சாலையோரப் பனைகள் பின்னோக்கி விரைய, சோளக் கொல்லைகள் மெல்ல நகர, கிழக்கே கொல்லிமலை மட்டும் உடன் வருவதுபோல நிற்றலைக் காண்பர். இக்காட்சியைத் திரையிற் படைத்துக் காட்டுவனவே முடிவிலா ஓட்ட விளையாட்டுக்கள். 2009-இல் ஆடம் சால்ட்ஸ்மன் இயற்றிய கேனபால்ட் இவ்வகைக்கு வழிகாட்டிற்று; 2011-இல் வந்த டெம்பிள் ரன் உலகெங்கும் பரப்பிற்று. இவற்றில் ஓடுவோனது இடத்தை எங்ஙனம் கணக்கிடுவது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஓடுவோனையே முன்செலுத்திக் காமிராவைப் பின்தொடரச் செய்தல் ஒரு முறை. எளிதென்றே தோன்றும். ஆயின் ஓட்டத்திற்கு முடிவில்லை. கணிப்பொறி ஓர் எண்ணைக் குறித்துவைக்கும் இடத்திற்கோ அளவுண்டு. விளையாட்டு நிரல்களிற் பெருவழக்காயுள்ள 32 பிட் மிதவைப் புள்ளி எண், ஏறத்தாழ ஏழு இலக்கங்களையே செம்மையாய்க் காக்கும். ஓர் அலகை ஒரு மீட்டராகக் கொள்வோம். 50 கிலோமீட்டர் ஓடியபின் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இடைவெளி உண்டாகும். அது கண்ணுக்குப் புலனாகாது. 1,000 கிலோமீட்டர் அளவில் அவ்விடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேலாகும். அப்போது ஓடுவோன் நடுங்குவான். பாறையைத் தொடாதிருக்கவும் தொட்டதாகக் கணக்கு முடியலாம். இத்துணைத் தொலைவு ஓடுவார் அரியர் என்பது மெய்யே. எனினும் முடிவிலா ஓட்டம் என்று பெயரிட்டபின், பிழை செய்யாதவனைத் தோற்கச் செய்தல் முறையன்று.

மற்றொரு முறையை நம் சேலத்துக் கைத்தறியிற் காணலாம். நெசவாளர் இருந்த இடத்தினின்று எழுவதில்லை. பாவு அவரை நோக்கி வருகின்றது. நெய்த ஆடை படமரத்திற் சுருளுகின்றது. நெய்தது எத்துணை முழம் என்பது வேறாக அளக்கப்படும். இணைய இணைப்பு அறும்போது குரோம் உலாவியில் தோன்றும், 2014-இல் வெளியான டைனோசர் விளையாட்டு இந்நெறியினதே. ஓட்டம் தொடங்கியபின் அவ்விலங்கு முன்னே செல்வதில்லை. குதித்தலும் குனிதலுமே அதன் தொழில். கள்ளிகளே அதனை நோக்கி வருகின்றன. மேகங்கள், கொல்லிமலையைப் போல, மெல்ல நகர்கின்றன. கடந்த தொலைவு தனியோர் எண்ணிற் சேர்க்கப்படுகின்றது. நிலமோ இரண்டே துண்டு. இடப்புறம் முற்றும் மறைந்த துண்டு வலப்புறம் மற்றதன் பின்னே வந்து இணையும்.

இவ்விணைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு துண்டும் 600 திரைப்புள்ளி அகலமுடையதாகுக. மறைந்த துண்டை எப்போதும் 600 என்னும் இடத்தில் வைப்போமாயின், அது எல்லையை 3 புள்ளி கடந்தபின் நிரல் நோக்கியிருக்கும் வேளையில், 3 புள்ளி அகலத்திற்கு நிலம் பிளந்து தோன்றும். அதன் இடவெண்ணோடு இரு துண்டுகளின் அகலமாகிய 1,200-ஐக் கூட்டினால் பிளவு நேராது.

விரைவைக் காலத்தாற் பெருக்குதலும் இன்றியமையாதது. ஒரு படத்திற்கு 5 புள்ளி என வகுப்பின், நொடிக்கு 60 படம் காட்டும் கைப்பேசியில் நிலம் 300 புள்ளி நகரும். 30 படமே காட்டவல்ல மலிவான கைப்பேசியில் 150 புள்ளியே நகரும். விடுதி அறையில் இருவர் ஒரே ஆட்டத்தை ஆடி எண்ணிக்கையை ஒப்பிடுதற்கு இடமேது? நொடிக்கு 300 எனக் கொண்டு, முந்திய படத்தின்பின் கழிந்த காலத்தாற் பெருக்குவார்க்கு இக்குறை இல்லை.

வழி வளைந்து திரும்பும் ஆட்டங்களில் உலகனைத்தையும் நகர்த்தலும் சுழற்றலும் தொல்லை தரும். ஆண்டு ஓடுவோனை ஓடவிட்டு, 1,000 மீட்டருக்கு ஒருமுறை அவனையும் நிலத்தையும் தடைகளையும் காமிராவையும் ஒருசேரத் தொடக்கத்திற்குத் தள்ளுதலே தக்கது என்பது என் கருத்து. யாவும் ஒரே படத்திற்குள் நகர்தலின் ஆடுவோர் அறியார். ஒன்றை மறந்துவிட்டாலோ, வெறுவெளியில் தொங்கும் பொற்காசு காட்டிக்கொடுத்துவிடும்.