கிணத்து நீச்சல் கடலுக்குப் போதுமா?

"நீச்சல் தெரியுமா?"ன்னு கேட்டா நம்ம பக்கத்துப் பசங்க பலரும் யோசிக்காம "தெரியும்"னு சொல்லுவோம். நானும் அப்படித்தான். கோபி பக்கத்துல எங்க தோட்டத்துக் கிணத்துல, முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பாரு இறக்கி விட்டப்போ எனக்கு ஏழு வயசு. அடுத்த வருஷமே மோட்டார் ரூம் மேலேருந்து குதிச்சேன். அந்தத் தைரியத்துலதான் போன டிசம்பர்ல அந்தமான் டூர் போனப்போ, ஹேவ்லாக் தீவின் எலிஃபன்ட் பீச்சில், போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டை நானே கழட்டி வச்சேன்.

ரெண்டு நிமிஷம்தான். கண்ணுக்குக் கீழே பவளப்பாறை, மஞ்சள் கோடு போட்ட மீன்கள். சந்தோஷத்துல மூச்சு வேகமாச்சு. வேகமா இழுக்க இழுக்க மூச்சு பத்தவே இல்ல. தலை சுத்துச்சு, மாஸ்க்கைப் பிடுங்கினேன், உப்புத் தண்ணி தொண்டைக்குள்ள போயிருச்சு. பக்கத்துல இருந்த கைடு அண்ணன் என் கையைப் பிடிச்சு, "தம்பி, இழுக்காத. முதல்ல மூச்சை வெளிய விடு"ன்னார். விட்டேன். சரியாயிருச்சு.

எனக்கு நடந்தது என்ன? ரூமுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்க.

சாதாரணமா ஒரு மூச்சுல நாம இழுக்கிறது சுமார் 500 மில்லி காற்று. அதுல ஏறக்குறைய 150 மில்லி தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே தங்கிடும். நுரையீரலின் காற்றுப் பைகளுக்குப் போகாது. ஸ்நார்க்கெல் குழாய் 38 செ.மீ. நீளம், 2 செ.மீ. விட்டம்னு வச்சுக்கிட்டா அதன் கொள்ளளவு சுமார் 120 மில்லி. நீங்க வெளிய விட்ட பழைய காற்றுதான் அந்தக் குழாயில நிக்கும், அடுத்த மூச்சுல அதுதான் முதல்ல உள்ள வரும். ஆக நிதானமா 500 மில்லி இழுத்தா 230 மில்லி புதுக்காற்று கிடைக்கும். பதட்டத்துல 300 மில்லியா இழுத்தா? வெறும் 30 மில்லி! வேகமா மூச்சு விடுறவனுக்குத்தான் மூச்சு முட்டும். அதனால ஸ்நார்க்கெலிங்கில் முதல் பாடம் மெதுவா, ஆழமா இழுத்து, முழுசா வெளிய விடுறது. கை கால் அடிக்கிறது அதுக்கப்புறம்தான்.

"அப்போ நீளமான குழாய் வச்சு ஆழத்துக்குப் போகலாமே?"ன்னு மெக்கானிக்கல் நண்பன் கேட்டான். முடியாது. ஒரு மீட்டர் ஆழத்துலயே தண்ணியின் அழுத்தம் சுமார் 10 கிலோ பாஸ்கல் கூடுது. மார்புப் பரப்பு 0.1 சதுர மீட்டர்னா ஏறக்குறைய 100 கிலோ எடை. நெஞ்சு மேல ரெண்டு சிமென்ட் மூட்டையை வச்சுக்கிட்டு மூச்சு இழுக்கிற மாதிரி.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். கிணத்துல முங்கறதுக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு தடவை வேகமா மூச்சு இழுத்து விடுவோமே, அதைக் கடலிலும் செய்யாதீங்க, கிணத்திலும் செய்யாதீங்க. "மூச்சு வேணும்"னு உடம்புக்குச் சொல்றது பெரும்பாலும் கூடிக்கிட்டே போற கார்பன் டை ஆக்சைடுதான். வேகமா மூச்சு விட்டா அது குறைஞ்சிடும். ஆக்சிஜன் தீர்ந்தாலும் எச்சரிக்கை மணி அடிக்காது. சத்தமே இல்லாம தண்ணிக்குள்ள மயக்கம் வரும்.

இறங்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியவை:

1. வாரை மாட்டாம மாஸ்க்கை முகத்துல வச்சு மூக்கால லேசா இழுங்க. கையை விட்டாலும் விழாம நின்னா சரியான அளவு. மீசை இருந்தா தண்ணி கசியலாம்.

2. இடுப்பளவு தண்ணியில நின்னு, முகத்தை மட்டும் முக்கிப் பத்து நிமிஷம் மூச்சுப் பழகுங்க. குழாயில தண்ணி ஏறினா "தூ"ன்னு பலமா ஊதித் தள்ளணும்.

3. லைஃப் ஜாக்கெட் போடுங்க. அது மானப் பிரச்சினை இல்ல.

4. ஜோடியாத்தான் இறங்கணும். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி ஜோடியையும் கரையையும் பாருங்க.

5. தண்ணிக்குள்ள பொருள் பக்கமாவும் பெருசாவும் தெரியும், ஒளிவிலகல்தான் காரணம். எட்டித் தொட நினைக்காதீங்க. பவளம் உயிருள்ளது, கையையும் கிழிக்கும். அதை ஒடிச்சு எடுத்துட்டு வர்றது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஆளில்லாத கடற்கரைன்னா இன்னும் கவனம் வேணும். சுத்தி அலை உடையுறப்போ நடுவுல மட்டும் அமைதியா ஒரு சந்து தெரிஞ்சா, அது பாதுகாப்பான இடம்னு நினைப்போம். பல சமயம் அதுதான் ஆளைக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போற நீரோட்டம். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாம, மிதந்துக்கிட்டே கரைக்கு இணையா நகர்ந்து வெளிய வாங்க. முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தா கிண்டல் பண்ணாதீங்க. 2010-ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கெலிங் செய்த அமெரிக்கப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்திருக்கிறார். எலிஃபன்ட் பீச்சுக்குப் படகுலயோ காட்டுப் பாதையில நடந்தோதான் போக முடியும். பெரிய ஆஸ்பத்திரின்னா கடல் தாண்டிப் போர்ட் பிளேர் போகணும். உள்ளூர் ஆள் "இன்னிக்கு வேண்டாம்"னா, டிக்கெட் காசு போனாலும் இறங்காதீங்க.

ராமேஸ்வரம் பக்கம் போகலாம்னு பிளான் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள்ள வருது. அனுமதியில்லாம நீங்களா படகு பிடிச்சு அந்தத் தீவுகளுக்குப் போகக் கூடாது.

ஊருக்கு வந்ததும் அப்பாருகிட்ட இதைச் சொன்னேன். "கெணத்துல நாலு பக்கமும் செவுரு இருக்குது சாமி. கடல்ல எதைப் புடிப்ப?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. அடுத்த செமஸ்டர் டூர் போற ஜூனியர்ஸ், பிடிக்கப் பக்கத்துல ஒரு கை இருக்கான்னு பார்த்துட்டு இறங்குங்க.