காயப்பட்டவர் கையில் ஒரு சீலை

வேதபாடம்: யோவான் 13:1–17, அப்போஸ்தலர் 16:19–40



 இம்முறை வேதபாடத்தை எழுத உட்கார்ந்தபோது, முதலில் எங்களைப் பற்றியே ஒரு காரியத்தை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்ற உணர்வு எங்களுக்கு உண்டாயிற்று. அது சற்று வெட்கமான காரியம். ஆனாலும் காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு வெற்றிகளை மட்டும் எழுதிக்கொண்டிருப்பது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் மாதந்தோறும் மருத்துவ முகாம் நடத்தி வந்தோம். பனியன் கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போய் வருகிறவர்களே அந்த ஊரில் அதிகம். சர்க்கரை, இரத்த அழுத்தம், பஞ்சுத் தூசியால் வரும் இருமல், தையல் மிஷின் ஊசி ஏறிய விரல், நாளெல்லாம் நின்றபடி அயர்ன் செய்கிறவர்களின் காலில் நரம்புச் சுருட்டலால் வந்த ஆறாத புண், இவையே அங்கு நாங்கள் பார்த்த வியாதிகள். அந்த ஊரில் செல்வாக்குள்ள ஒருவர், இலவசமாக வந்த மருந்துகளை நாங்கள் வெளியே விற்பதாகப் பேசிவிட்டார். கூட்டத்தின் நடுவில், எல்லாரும் கேட்கும்படி சொன்னார். கணக்குப் புத்தகத்தைக் காட்டினோம். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாங்கள் மருந்துப் பெட்டிகளைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம்.

அடுத்த மாதம் நாங்கள் போகவில்லை, அதற்கடுத்த மாதமும் போகவில்லை. வண்டி ரிப்பேர், டாக்டர் விடுப்பு என்று காரணங்களுக்குக் குறைவில்லை. ஆறு மாதம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் அந்த ஊரிலிருந்து ஓர் அம்மாவை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். சர்க்கரை மாத்திரை தீர்ந்து நான்கு மாதமாகியிருந்தது. காலில் புண் எலும்பு வரை போயிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மா எங்களைக் குறை சொல்லவில்லை. “நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் கண்ணு” என்று மட்டும் நர்ஸிடம் சொன்னார்கள். எங்களைப் பழித்தவர் நல்ல சுகத்தோடு இருந்தார். எங்கள் மனக்காயத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த அம்மாதான்.

இந்தப் பின்னணியோடு யோவான் 13-ம் அதிகாரத்தைத் திறவுங்கள். ஆண்டவர் பந்தியை விட்டு எழுந்து, மேல் வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, இடுப்பில் கட்டிக்கொண்டதற்கு நம் தமிழ் வேதாகமம் ‘சீலை’ என்ற வார்த்தையைப் போட்டிருக்கிறது. நம் கொங்கு நாட்டில் சீலை என்றால் சேலைதான். சண்டே கிளாஸ் பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பதை நாமே பார்த்திருக்கிறோம். பழைய தமிழில் அது துணி, துண்டு என்ற பொருளில் வருகிறது. பாதத்தைக் கழுவுவது மட்டுமல்ல, தாம் கட்டியிருந்த அந்தத் துணியாலேயே துடைத்தும் விடுகிறார். பிறர் காலின் ஈரமும் அழுக்கும் அவர் இடுப்புத் துணியில் சேர்ந்தன.

அந்தப் பந்தியில் இருந்தவர்கள் யார்? தங்களில் எவன் பெரியவன் என்று அதே இராத்திரியில் வாக்குவாதம் செய்தவர்கள் (லூக்கா 22:24). சேவல் கூவுமுன் மறுதலிக்கப்போகிறவன் அங்கே இருந்தான். முப்பது வெள்ளிக்காசுக்கு விலை பேசிவிட்டவனும் இருந்தான். இதில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. யூதாஸ் எழுந்து வெளியே போவது 30-ம் வசனத்தில். கால் கழுவுதல் 12-ம் வசனத்துக்குள் முடிந்துவிடுகிறது. அப்படியானால் அவனுடைய கால்களும் கழுவப்பட்டன. காட்டிக்கொடுப்பவன் யார் என்று தெரிந்தே கழுவினார் என்பதை 11-ம் வசனம் சொல்லுகிறது. நம்மைக் காயப்படுத்தியவருக்கு ஊழியம் செய்வதே நமக்குக் கடினமாயிருக்கிறது. ஆண்டவரோ இனிமேல் காயப்படுத்தப்போகிறவனுக்கு முன்கூட்டியே செய்தார்.

சரி, அப்படியானால் தாழ்மை என்பது எதையும் வாய் திறவாமல் விழுங்கிக்கொள்வதா? சபைகளில் பலமுறை அப்படித்தான் போதிக்கப்படுகிறது. விசேஷமாக நர்ஸுகள், ஆயாக்கள், உபதேசியார்கள், சம்பளம் குறைந்த ஊழியர்கள் ஆகியோரிடம்தான் இந்தப் போதனை அதிகமாய்ச் சொல்லப்படுகிறது. மேலே இருப்பவர்களிடம் அவ்வளவாய்ச் சொல்லப்படுவதில்லை. அப்போஸ்தலர் 16-ம் அதிகாரம் இதற்கு நல்ல பதில். பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டு, உட்காவலறையில் தொழுமரத்தில் மாட்டப்பட்டார்கள். நள்ளிரவில் பூமியதிர்ச்சி உண்டாகி, சிறைக்காரன் தற்கொலை செய்யப் போனபோது பவுல் சத்தமிட்டு அவனைத் தடுத்தார். அன்று இராத்திரியிலேயே அந்தச் சிறைக்காரன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான் என்று 33-ம் வசனத்தில் வாசிக்கிறோம். டிரெஸ்ஸிங் அறையில் வேலை செய்கிற எங்களுக்கு இது மிகவும் பிடித்த வசனம். கழுவிவிடத் தாழ்மை வேண்டும். தன்னைப் பூட்டி வைத்தவனின் கையில் முதுகைக் கொடுத்து உட்காரவும் தாழ்மை வேண்டும்.

ஆனால் பொழுது விடிந்ததும் அதே பவுல் என்ன செய்தார்? போகலாம் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது, போக மறுத்துவிட்டார். ரோமப் பிரஜைகளை வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அவர்களும் பயந்து வந்து கேட்டுக்கொண்டார்கள். சிறைக்காரனோடு இரவில் உட்கார்ந்து சாப்பிட்டவரும், அதிகாரிகளைக் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே ஆள்தான். நடந்தது அநியாயம் என்று சொல்வது மன்னிப்புக்கு விரோதமானதல்ல. மருந்துக் கணக்கை அந்த ஊரில் வெளிப்படையாகப் படித்துக் காட்டியிருக்க வேண்டும், அடுத்த மாதம் முகாமுக்கும் போயிருக்க வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை.

பெரியண்ணனும் சின்னண்ணனும்

இதை நம் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து காட்டிய இரண்டு டாக்டர்கள் உண்டு. சேலம் வழியாகச் சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் ஜோலார்பேட்டைக்கு முன் திருப்பத்தூரைக் கடந்திருப்பீர்கள். அங்கே 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஆரம்பித்தவர்கள் டாக்டர் சவரிராயன் இயேசுதாசன், டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் இருவரும். முன்னவர் தமிழர். பின்னவர் ஸ்காட்லாந்துக்காரர். பேட்டனுடைய குடும்பத் தொழிலைக் கேட்டால் திருப்பூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாயிருக்கும். அல்லோவா என்ற ஊரில் கம்பளிப் பின்னல் நூல் நூற்ற ஆலைக் குடும்பம் அது. ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் பல தலைமுறைகளாக வாங்கிய நூலில் அவர்கள் குடும்பப் பெயர் இருந்தது. நூலில் சம்பாதித்த வீட்டுப் பிள்ளை, இங்கே வந்து கையால் நூற்ற கதரை உடுத்திக்கொண்டார்.

அந்நாட்களில் மிஷன் ஸ்தாபனங்களில் வெள்ளைக்கார ஊழியருக்கு ஒரு சம்பளம், ஒரு பங்களா. அதே படிப்புப் படித்த இந்திய ஊழியருக்கு வேறு சம்பளம், வேறு வீடு. தீர்மானங்கள் ஒரு சாராரிடமே இருந்தன. எத்தனையோ இந்தியக் கிறிஸ்தவர்கள் இதனால் மனம் கசந்து ஊழியத்தை விட்டார்கள். இந்த இருவரும் அதற்கு எதிராகக் கண்டனக் கட்டுரை எழுதுவதோடு நிற்காமல், வேறு விதமாக வாழ்ந்து காட்டத் துணிந்தார்கள். ஆசிரமத்தில் சம்பளம் இல்லை. ஒரே பந்தி, ஒரே சைவச் சாப்பாடு, ஒரே கதர். ஏழைகளுக்கு வைத்தியம். பேட்டனுடைய பொருளுதவி ஆசிரமத்துக்கு மிக முக்கியமானது. ஆனாலும் அங்கே இயேசுதாசன்தான் ‘பெரியண்ணன்’, பேட்டன் ‘சின்னண்ணன்’. ஆளுகிற இனத்தில் பிறந்து, பணமும் கொடுத்தவர், தம்பி ஸ்தானத்தில் உட்கார்ந்தார். காணிக்கை கொடுக்கிற நமக்கும், அதைப் பெற்றுச் செலவு செய்கிற எங்களுக்கும் இதில் யோசிக்க நிறைய உண்டு. மறுபக்கத்தையும் பாருங்கள். தம் ஜனத்தைத் தாழ்வாக நடத்திய இனத்தைச் சேர்ந்த ஒருவரை இயேசுதாசன் தம்பியாக ஏற்றுக்கொண்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார். எது அதிகக் கடினம் என்று எங்களுக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை.

1932-ம் வருஷம் நம் திருப்பூர் மறக்க முடியாத வருஷம். சென்னிமலையில் பிறந்த குமரன், கொடி பிடித்து ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து ஜனவரி 11-ம் தேதி உயிர்விட்டார். ரயில் நிலையத்தின் அருகே அவர் நினைவிடத்தைத் தாண்டித்தான் நாம் தினமும் போகிறோம். அதே ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில், அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த தெருவில் கதர் உடுத்தி நின்றிருந்த சின்னண்ணனையும் போலீசார் அடித்தார்கள், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், கைது செய்தார்கள். அவருடைய சொந்த நாட்டு அரசாங்கத்தின் போலீஸ் அது. லண்டன் பாராளுமன்றத்தில்கூட இதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. அவரோ ஸ்காட்லாந்துக்குத் திரும்பிவிடவில்லை. திருப்பத்தூருக்கு வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1969-ல் பெரியண்ணனும் 1970-ல் சின்னண்ணனும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடிபட்ட பின்னும் அவர் நம் மத்தியில் இருந்தது 38 வருஷம்.

இன்னொரு வேத உதாரணத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுப் போன மாற்குவை, அடுத்த பயணத்தில் கூட்டிப் போகவே கூடாது என்று பவுல் பர்னபாவோடு கடுமையாக வாதாடிப் பிரிந்தார் (அப். 15:37–39). முதிர்வயதில், துரோவாவில் விட்டு வந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லும் அதே நிருபத்தில், மாற்குவையும் கூட்டி வா, அவன் ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன் என்கிறார். ஆனால் சில வரிகள் தள்ளி, தமக்கு வெகு தீமை செய்த கன்னான் அலெக்சந்தரைப் பற்றித் தீமோத்தேயு எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார் (2 தீமோ. 4:11–15). எல்லாருக்கும் ஒரே மருந்து சீட்டு அவர் எழுதவில்லை. காயம் ஆறிய இடத்தில் உறவு திரும்புகிறது. தீமை தொடருகிற இடத்தில் வெறுப்பு இல்லாமலே தூரம் வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலோ வேலையிடத்திலோ இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கிற சகோதரிகளிடம் “பொறுத்துப் போம்மா” என்று சொல்லும் முன், மூப்பர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை வாசிப்பது நல்லது.

கடைசியாக, எங்கள் வார்டில் நடந்த ஒன்று. எங்களிடம் ஆயாவாக வேலை செய்யும் ஒரு சகோதரி, சிறு வயதில் மொத்தப் பணம் தருவதாகச் சொல்லிப் பெண்பிள்ளைகளைச் சேர்க்கும் ‘சுமங்கலித் திட்டத்தில்’ ஒரு மில்லில் மூன்று வருஷம் இருந்தவர். அங்கே தன்னை மிகக் கேவலமாக நடத்திய மேஸ்திரி ஒருவர், ஒரு நாள் பக்கவாதத்தோடு அவர் இருந்த வார்டிலேயே சேர்க்கப்பட்டார். பார்த்த மாத்திரத்தில் அவர் மேட்ரன் அம்மாவிடம் போய், “என்னால முடியாதுங்கம்மா, வேற வார்டு குடுங்க” என்றார். மேட்ரன் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. உடனே மாற்றிக் கொடுத்தார்கள். அதற்காக நாங்கள் கர்த்தரைத் துதிக்கிறோம்.

மூன்றாம் நாள் அந்தச் சகோதரி யாரும் சொல்லாமல் பழைய வார்டுக்கு வந்து, ஒரு பேசினில் வெந்நீர் பிடித்து, அந்த மனிதரின் உடம்பைத் துடைத்துவிட்டு, நகம் வெட்டிவிட்டுப் போனார். அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. இவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் வந்தீர்கள் என்று பிறகு கேட்டபோது, “அவர் பக்கத்துல யாரும் இல்லீங்க. நகம் ரொம்ப வளந்து கெடந்துச்சு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் தன் புது வார்டுக்கே வேலைக்குப் போனார்.

நாங்கள் விட்டுவிட்ட அந்தக் கிராமத்துக்கு இப்போது ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை போகிறோம். முதல் முகாமில் மருந்துக் கணக்கை எல்லார் முன்பாகவும் வாசித்தோம். எங்களைப் பழித்தவர் வரவில்லை. அவர் மனைவி சர்க்கரை பார்க்க வந்தார்கள். 260 இருந்தது, மாத்திரை கொடுத்தோம். விரல்கள் எடுக்கப்பட்ட அம்மா, காலில் மருத்துவமனை கொடுத்த செருப்போடு, முகாமுக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய கால் மறுபடியும் புண்ணாகாதபடிக்கும், அடுத்த சனிக்கிழமையாவது அந்தச் சகோதரர் முகாமுக்கு வரும்படிக்கும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.