நிலை வட்டி முடிகிற மாதம்

வடசேரி, நாகர்கோவில்

அன்புள்ள மருமகளே,

ஒழுகினசேரி வீட்டுக் கடனில் ஐந்து வருட நிலை வட்டி வருகிற ஆகஸ்டில் முடிகிறது, அதன்பிறகு என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். வங்கியே பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் இருந்துவிடாதே.

நம் ஊரில் வயலை ஒத்தி வைப்பார்கள். பணம் கொடுத்தவர் கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்துக்கொள்வார், அதுதான் வட்டி. முதலைத் திருப்பிக் கொடுத்தால் வயல் திரும்பும். விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் அது அவர் பாடு. வாங்கியவர் ஞாபகம் வைக்க வேண்டியது கெடு ஒன்றைத்தான். உன் கடனும் இதுவரை அப்படித்தான் இருந்தது. ஆகஸ்டிலிருந்து ஏற்ற இறக்கம் உன் பாடு.

நீ ஒன்றும் சொல்லாவிட்டால் கடன் மிதக்கும் வட்டிக்குப் போய்விடும். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் கொடுக்கிற மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு வெளி அளவுகோல் ஒன்று வேண்டும். பெரும்பாலும் அது ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி. அதன்மேல் வங்கி தன் விகிதத்தைக் கூட்டும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.50 ஆனது. 2025 டிசம்பரில் 5.25க்கு இறங்கியது. உன்னால் ரெப்போவைத் தொட முடியாது. கூட்டுகிற விகிதத்தைப் பற்றிப் பேச முடியும். புதிதாக வருகிறவருக்கு என்ன விகிதம் என்று கேள். உனக்கு அதிகமென்றால், சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு குறைப்பார்களா என்று கேள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வட்டி ஏறும்போது மாதத் தவணை மாறாமல் இருந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது, மாதங்கள் மட்டும் நீளும். 25 லட்சம் பாக்கி, 15 வருடம், 8 சதவீதம் என்று வை. தவணை சுமார் 23,890 ரூபாய். வட்டி 9 ஆனால் 25,360 ஆக வேண்டும். மாதம் 1,470 கூடக் கட்டினால் மொத்தத்தில் 2.6 லட்சம் அதிகம். தவணையைத் தொடாமல் விட்டால் 26 மாதம் கூடுதலாக ஓடும். அதிகச் செலவு 6 லட்சத்துக்கும் மேல். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி இதற்காகவே உத்தரவு போட்டது: வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா, இரண்டையும் கலக்கவா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் தர வேண்டும். அதில் மீதித் தவணைகளின் எண்ணிக்கையைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். கையில் வருகிற சம்பளம் தாங்குமென்றால் தவணையைக் கூட்டச் சொல் என்பதுதான் என் கருத்து.

மறுபடி நிலை வட்டி வேண்டுமென்றால் கேட்கலாம். 2025 அக்டோபர் முதல் அதைக் கொடுப்பது வங்கியின் விருப்பம். பொதுவாக மிதக்கும் வட்டியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். வேறு வங்கிக்கு மாற்றுவதும் உண்டு. ஆனால் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பழைய அடமானத்துக்கு ரசீது, புதியதற்கு ஆவணப் பதிவு, மதிப்பீட்டாளர், வக்கீல் என்று செலவு வரும். அரை சதவீதத்துக்குக் குறைவான வித்தியாசத்துக்காக அந்த அலைச்சல் வேண்டாம்.

சீட்டுப் பணம் ஜூலையில் வரும் என்று எழுதியிருந்தாய். அதை அவசரப்பட்டுக் கட்டிவிடாதே. நிலை வட்டி ஓடும்போது முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இருக்கலாம். தனிநபரின் மிதக்கும் வட்டி வீட்டுக் கடனுக்கு அது கூடாது என்பது விதி. ஒரு மாதம் பொறுத்தால் முழுப் பணமும் அசலில் கழியும்.

ஜூன் மாதமே கடன் ஒப்பந்தத்தை எடுத்து, நிலை வட்டி முடிகிற தேதி, அப்புறம் எந்த அளவுகோல், எவ்வளவு கூட்டல் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள். வங்கியில் கேட்பதை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கு. போகிற நாளைச் சொல். நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா