கார்ட்டூன் புரியலையா? அக்கா சொல்ற டிப்ஸ்!

பேப்பர்ல கார்ட்டூனைப் பார்த்துட்டு, "இதுல சிரிக்க என்ன இருக்கு?"ன்னு பக்கத்தைப் புரட்டிடற தம்பி, தங்கச்சிங்களா! படம் புரியணும்னா பின்னணிச் சேதி தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் இந்த டிப்ஸ்.

1. ஆளை அடையாளம் பிடி: கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டுன்னா கலைஞர். வெள்ளைத் தொப்பியும் கண்ணாடியும்னா எம்.ஜி.ஆர். கட்டம் போட்ட கோட்டு, வேட்டியோட வாயே திறக்காம நிக்கறவர் ஆர்.கே. லக்ஷ்மணோட சாமானியர். அமெரிக்கக் கார்ட்டூன்ல யானை வந்தா குடியரசுக் கட்சி, கழுதை வந்தா ஜனநாயகக் கட்சி. யானையைப் பார்த்து மாயாவதி கட்சின்னு நினைச்சுடாதே!

2. தேதியைப் பாரு: 1975 டிசம்பர் 10, 'இந்தியன் எக்ஸ்பிரஸ்'. அபு ஆபிரகாம் வரைஞ்ச படத்துல, குளியல் தொட்டியில இருந்தபடியே ஒருத்தர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கதவு வழியா நீட்டறார். இன்னும் அவசரச் சட்டம் இருந்தா காத்திருக்கச் சொல்லுன்னு வேற சொல்றார். அவர் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது. அதே வருஷம் ஜூன் 25 ராத்திரி, அமைச்சரவையைக் கூட்டாமலே இந்திரா காந்தி அனுப்பின நெருக்கடி நிலைப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவர். இந்தத் தேதி தெரியலைன்னா, அது யாரோ குளிக்கிற படம்தான்.

3. குடிமையியல் பாடத்தை மறக்காதே: நாடாளுமன்றம் கூடாத சமயத்துல, அவசியம்னா மட்டும் பிறப்பிக்க வேண்டியது அவசரச் சட்டம். குளிச்சு முடிக்கக்கூட விடாம அது வரிசையா வருதுங்கறதுதான் அபுவோட கிண்டல்.

4. அப்புறம் என்ன ஆச்சுன்னு தேடு: 1987-ல எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டலடிச்ச அட்டைப்பட ஜோக்குக்காக, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் உரிமை மீறல்னு சொல்லித் தமிழக சட்டமன்றம் 3 மாதச் சிறைத் தண்டனை கொடுத்துச்சு. பெரிய எதிர்ப்பு கிளம்பவே சீக்கிரமே விட்டுட்டாங்க. அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சார். நஷ்டஈடு 1,000 ரூபாய். சட்டமன்ற உரிமை மீறல்னா என்னன்னு தெரிஞ்சாத்தான், ஒரு ஜோக்குக்கு ஏன் இவ்வளவு கோபம்னு விளங்கும்.

5. வீட்டுப் பெரியவங்களைக் கேளு: நெருக்கடி நிலையைப் பார்த்த தாத்தா, பாட்டி இருந்தா பழைய படத்தைக் காட்டு. நமக்குப் புரியாததை அவங்க பார்த்ததும் சொல்லிடுவாங்க.

நாளைக்குக் காலையில பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைப் படிச்சுட்டு, அப்புறமா கார்ட்டூனுக்கு வா. ஒரு வாரம் இப்படிச் செய்து பாரு, யாரும் விளக்கிச் சொல்லாமலே சிரிப்பு வரும்!