டிலனாய் அட்மிரல் அல்லர்

வட்டக்கோட்டை மதிலில் ஏறி நிற்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. டச்சுக்காரர்களின் பெரும் கப்பற்படை அட்மிரல் டிலனாய் தலைமையில் குளச்சலுக்கு வந்தது. திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா ஒரே நாள் போரில் அதை முறியடித்தார். தோற்ற அட்மிரல் மகாராஜாவின் காலடியில் வாளை வைத்தார். மகாராஜா அவரையே தம் தளபதியாக்கினார். டச்சுக் கப்பல்கள் மறுபடி வராதிருக்க டிலனாய் இந்தக் கோட்டையைக் கடலோரத்தில் கட்டினார். இங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை வரை ஒரு சுரங்கமும் வெட்டினார். பள்ளிக் குழந்தைகள் இதைக் கேட்டுக் கைதட்டுகிறார்கள். இதில் உண்மையும் உண்டு: குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள், கைதான டிலனாய் திருவிதாங்கூர்ப் படையில் உயர்ந்தார், வட்டக்கோட்டையைக் கல்லில் எழுப்பியதில் அவர் கை இருந்தது. ஆனால் அந்த உண்மையைச் சுற்றிப் படிந்திருக்கும் மிகை, டிலனாயின் சாதனையையும் திருவிதாங்கூரின் சாதனையையும் ஒருசேரக் குறைக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் அந்த அட்மிரல் பட்டம். 1739இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் மார்த்தாண்ட வர்மாவை நேரில் சந்தித்து, திருவிதாங்கூர் வடக்கே பரவுவதை நிறுத்தச் சொன்னார். மகாராஜா இணங்கவில்லை, போர் மூண்டது. 1740 நவம்பரில் இலங்கையிலிருந்து வந்து குளச்சலில் இறங்கியது ஒரு சிறு படை. அதை நடத்தியவர் ஹாக்கெர்ட் என்ற கேப்டன், டிலனாய் அல்லர். பெரும்படை பின்னால் வரும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் கரையிறங்கினார்கள். அது வரவே இல்லை. 1740 அக்டோபரில் ஜாவாவில் உள்ள பட்டாவியாவில் சீனர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து ஜாவா முழுக்கக் கலகம் பரவியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அங்கேயே ஆள் போதவில்லை. குளச்சலில் எஞ்சிய காவற்படையைத் திருவிதாங்கூர்ப் படை வளைத்துக்கொண்டது. 1741 ஆகஸ்டில் ஒரு பீரங்கிக் குண்டு வெடிமருந்துப் பீப்பாயில் விழ, தீ பரவி அரிசிக் கையிருப்பு முழுவதும் எரிந்தது. சோற்றுக்கு வழியில்லாத படை சரணடைந்தது. பிடிபட்டவர்கள் உதயகிரிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அந்தக் கைதிகளில் ஒருவர் டிலனாய். இன்றைய பிரான்சில் உள்ள அராஸ் நகரத்துக்காரர், வயது இருபத்தைந்தை ஒட்டியது. இருபத்தைந்து வயதில் ஒரு கப்பற்படையை நடத்தி வந்த அட்மிரல் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்வெட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஏறத்தாழ 37 ஆண்டுகள் மகாராஜாக்களுக்கு விசுவாசமாக இருந்த திருவிதாங்கூர்ப் படைத்தலைவர், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அடக்கியவர் என்றே அது அவரைக் குறிக்கிறது. அதில் பேசப்படும் பெருமை எல்லாம் இங்கே சம்பாதித்தது.

இப்படிச் சொன்னால் குளச்சல் வெற்றியைச் சிறுமைப்படுத்துவதாக ஆகாதா என்று சிலர் மனம் நோகக் கேட்கிறார்கள். ஆகாது. உலகத்தின் மிகப் பணக்கார வணிகக் கம்பெனி ஒன்றின் படையை, அதன் பலவீனமான தருணம் பார்த்து, கடல்வழி உதவி வருமுன் வளைத்துப் பட்டினி போட்டுப் பணிய வைப்பது தேர்ந்த போர்த்திறன். ஒரே நாள் வீரசாகசத்தைவிட அது உயர்ந்தது. ஆனால் ஆசியர்கள் ஐரோப்பியரை வென்ற முதல் போர் குளச்சல்தான் என்ற பெருமையை நாம் விட்டுவிட வேண்டும். 1638இல் கண்டி மன்னன் கண்ணொருவையில் போர்த்துக்கீசியப் படையை ஏறக்குறைய முழுவதும் அழித்தான். 1662இல் தைவானில் சீனத் தளபதி கொக்சிங்கா இதே டச்சுக் கம்பெனியின் சீலாந்தியாக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்தான். குளச்சலோடு டச்சு ஆதிக்கம் இந்தியாவில் முடிந்துவிட்டது என்பதும் சரியல்ல. போர் இழுத்துக்கொண்டே போய் 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில்தான் ஓய்ந்தது. கொச்சிக் கோட்டையில் டச்சுக் கொடி 1795 வரை பறந்தது. மாவேலிக்கரையில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூருக்கு ஆண்டுதோறும் ஆயுதங்கள் விற்கவும் சம்மதித்தார்கள். பகைவனையே ஆயுத வியாபாரியாக்கிய அந்த ராஜதந்திரம் குளச்சல் வெற்றித் தூணைவிட அதிகம் பேசப்பட வேண்டியது.

டிலனாயின் உண்மையான வாழ்க்கை கைதான பிறகே தொடங்குகிறது. அட்மிரல் கதை நமக்கு மறைப்பது இதைத்தான். பெரிய பதவியில் இருந்தவரைப் பிடித்துப் பெரிய பதவி கொடுத்தால் அதில் வியப்பு என்ன? கம்பெனியில் பெயர் தெரியாமல் இருந்த ஓர் இளைஞனிடம் இருந்த திறமையை ஒரு மகாராஜா கண்டுபிடித்து, முதலில் ஒரு சிறு பிரிவுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி, விளைவைப் பார்த்துப் படிப்படியாக உயர்த்தினார் என்பதில்தான் வியப்பு இருக்கிறது. போர்க்காலத்துக்கு மட்டும் கூடிக் கலைந்த நாயர் படை, சம்பளம் வாங்கி, துப்பாக்கியோடு அணிவகுக்கும் நிலைப்படையானது. மண்மதிலாக இருந்த உதயகிரிக் கோட்டை கருங்கல்லில் எழுந்தது. அதற்குள் பீரங்கி வார்க்கும் உலைக்களம் வந்தது. காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று வடக்கே ஒவ்வொன்றாகத் திருவிதாங்கூரோடு சேர்ந்தன. வலிய கப்பித்தான் என்று ஜனங்கள் அவரை அழைத்தது இந்த உழைப்பைப் பார்த்துத்தான். கிழக்கே களக்காட்டில் நடந்த போரில் 1765இல் தம் மகனையும் பறிகொடுத்தார். 1777இல் உதயகிரியிலேயே இறந்தார். திருவிதாங்கூரின் வடக்கு எல்லையில் அவர் மேற்பார்வையில் எழுந்த நெடுங்கோட்டை, அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு, 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது.

வட்டக்கோட்டை டச்சுக் கப்பல்களுக்கு எதிராகக் கட்டப்பட்டது என்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த மூன்றரை ஏக்கர்க் கோட்டை தனியாக நிற்பதாக இன்று தோன்றலாம். அன்று அது ஒரு நீண்ட அரண்வரிசையின் கடல்முனை. அந்த வரிசை இங்கே தொடங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைத் தொட்டது. நாஞ்சில் நாட்டு வயல்களின் மேல் பரம்பரையாக வந்த ஆபத்து கிழக்கிலிருந்து, அதாவது திருநெல்வேலிச் சீமையிலிருந்து, தரைவழியாக வந்தது. மதுரை நாயக்கர் படை வந்தது; பின்னர் சந்தா சாகிப்பின் படையும் வந்தது. அப்படியானால் கடலோரத்தில் எதற்கு இவ்வளவு வலுவான மதில் என்று கேட்கலாம். வரிசையின் முனை மெலிந்தால் எதிரி கடற்கரை மணலில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். முனைகளை உறுதியாக்காமல் நடுவை மட்டும் காக்க முடியாது. கல்லில் செதுக்கிய மீன் சின்னங்கள் இங்கே இருப்பதையும் கவனியுங்கள். பாண்டியர் தொடர்பைக் காட்டுகின்றன அவை. டிலனாய் வெறும் மணலில் கோட்டை எழுப்பவில்லை. பழைய அரண் ஒன்றைக் கருங்கல்லில் புதுப்பித்தார். சுரங்கக் கதைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்மநாபபுரம் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இடையில் பழையாறும், ஆண்டு முழுக்க நீர் தேங்கும் வயல்களும், வேளிமலையும் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கருவிகளோடு அதன் அடியில் மனிதன் நடக்கும் வழி வெட்டிக் காப்பாற்றியிருக்க இயலாது.

இன்னொரு நம்பிக்கை, டிலனாய் நாட்டையே நடத்தினார் என்பது. போர்க்களத்தில் பெயரெடுத்தவர் அரசாங்கத்துக்குள் போவது உலகத்தில் அடிக்கடி நடப்பதுதான். இஸ்ரேலில் 1967 போரில் தலைமைத் தளபதியாக இருந்த இட்சாக் ராபின் 1974இல் பிரதமரானார்; இன்னொரு தளபதியான ஏரியல் ஷரோன் 2001இல் அந்தப் பதவிக்கு வந்தார். திருவிதாங்கூரில் டிலனாய்க்கு அது நடக்கவில்லை. வரி, மிளகு வணிகம், உடன்படிக்கைகள் எல்லாம் மகாராஜாவிடமும் அவருடைய முதலமைச்சரான தளவாய் ராமய்யனிடமும் இருந்தன. இதற்கு மிகக் கனமான சான்று தேவசகாயம் பிள்ளையின் முடிவு. டிலனாயின் நட்பால் கிறிஸ்தவ மறையை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர் என்பது திருச்சபையின் மரபு. 1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில், டிலனாய் பத்தாண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வந்த அதே அரசின் வீரர்கள் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அரசவையில் சொல்வாக்கு உள்ளவராக டிலனாய் இருந்திருந்தால், தம் நண்பனை அந்த மலைக்கு அனுப்ப விட்டிருப்பாரா? அவர் படைத்தலைவர், ஆட்சியாளர் அல்லர்.

அவர் அமைத்த அரண்கள் அவ்வளவு சிறந்தவை என்றால் 1809இல் ஏன் விழுந்தன என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். அந்த ஆண்டு பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெஜரின் ஆங்கிலப் படை, இரவில் செங்குத்தான மலைச்சரிவில் ஏறி ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தது. ஆங்கிலக் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்த திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பியின் எதிர்ப்பு அத்தோடு உடைந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையின்றிப் பணிந்தன. வரிசை அறுந்தது மலை முனையில். வட்டக்கோட்டை நின்ற கடல் முனையில் அல்ல. டிலனாய் இறந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பயிற்றுவித்த தலைமுறை போய்விட்டது. 1805 உடன்படிக்கையால் நாட்டுக்குள் ஆங்கிலக் கம்பெனியின் படையே குடியேறியிருந்தது. கல் மதில் தானாகப் போரிடாது.

ஆசிரியர்களுக்கும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வட்டக்கோட்டையைக் காட்டும் நாளிலேயே குழந்தைகளைப் புலியூர்க்குறிச்சிக்கும் அழைத்துப் போங்கள். அந்தக் கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் எழுதியிருப்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அட்மிரல் என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.