கிரிவலம் வரும் கைக்குழந்தைக்கு டயப்பர் புண் வராமலிருக்க

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் அடி அண்ணாமலை தெருவில் நின்றால், அப்பாக்களின் தோளிலும் அம்மாக்களின் இடுப்பிலும் தூங்கிக்கொண்டே போகும் கைக்குழந்தைகளைப் பார்க்கலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கூட்டத்தில் ஐந்து மணி நேரம்கூட ஆகும். பஸ் ஏறும்போது கட்டிய டயப்பர், வீடு திரும்பும்வரை அப்படியே கிடப்பதும் உண்டு. பாவம், குழந்தையால் சொல்லவா முடியும்?

1. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டயப்பரை மாற்றுங்கள். மலம் போயிருந்தால் உடனே மாற்ற வேண்டும். சிறுநீரும் மலமும் கலந்தால் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறையும். மலத்திலுள்ள செரிமான நொதிகள் வேகம் பிடித்துத் தோலை அரிக்கும். 'இரவு முழுக்கத் தாங்கும்' என்று பாக்கெட்டில் இருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆதி அண்ணாமலையார் கோயில் ஏறக்குறைய பாதி வழியில் வருகிறது. குழந்தை தூங்கினாலும் பரவாயில்லை, அங்கே உட்கார்ந்து ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

2. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சோ மெல்லிய துணியோ போதும். வாசனை சேர்த்த வைப்ஸ் வேண்டாம். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். துடைத்த பிறகு தொடை இடுக்கின் மடிப்பை விரித்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் எரியும்.

3. வீட்டில் இருக்கும்போது காற்றுப் படட்டும். ரப்பர் ஷீட்டின் மேல் பழைய வேட்டித் துணியை விரித்து, டயப்பர் இல்லாமல் படுக்க வையுங்கள். திருவண்ணாமலை வெயில் காலத்தில் இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

4. லேசாகச் சிவந்தால் ஜிங்க் ஆக்சைடு க்ரீமைக் கனமாகப் பூசுங்கள். அடுத்த முறை மாற்றும்போது அழுக்கான மேல்பகுதியை மட்டும் துடைத்தால் போதும். முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. பவுடர் வேண்டவே வேண்டாம். மடிப்பில் திரண்டு உறுத்தும், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கெடுதல்.

5. துணி கட்டுபவர்கள் சோப்பு சுத்தமாகப் போகும்வரை அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். மேலே பிளாஸ்டிக் ஜட்டி போட்டால் துணி கட்டிய பலன் போய்விடும்.

6. 'உடம்புச் சூடு' என்று சொல்லித் தாய்க்குப் பத்தியம் போடுவதும், 'அக்கி' என்று காவி எழுதுவதும் இன்னும் நடக்கிறது. பாட்டிமார்களின் அக்கறையில் குறையில்லை. ஆனால் பெரும்பாலும் இந்தப் புண் ஈரத்தாலும் உராய்வாலும் வருவது. பால் கொடுக்கும் தாய் பட்டினி கிடக்க வேண்டாம். தோல் உரிந்த இடத்தில் மஞ்சள், காவி எதையும் தடவாதீர்கள்.

7. மடிப்புக்குள்ளேயே ரத்தச் சிவப்பாகி, ஓரத்தில் தனித்தனிப் பொட்டுகளாகப் பரவினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு இப்படி வருவது சகஜம். இதற்குப் பூஞ்சை மருந்து தேவை, டாக்டர்தான் எழுத வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் 'எல்லாத்துக்குமான' ட்யூபில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கக்கூடும். டயப்பருக்குள் மூடிக் கிடக்கும் தோல் அதைக் கூடுதலாக உறிஞ்சிவிடும், தோலும் மெலிந்துபோகும்.

8. இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலும், சீழ், கொப்புளம், காய்ச்சல் கண்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். புண் ஆறும்வரை கிரிவலத்தை அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.