காணொளி கிழிவது ஏன்?

பள்ளிப் போட்டிக்காக ஓட்டப்பந்தயம் ஒன்றைப் படம் பிடித்து வந்திருக்கிறீர்கள். வீட்டுக் கணினியில் ஓடவிட்டால், ஓடுபவரின் தோள் ஓரிடத்திலும் கால்கள் சற்றுத் தள்ளியும் தெரிகின்றன. நடுவே குறுக்காகக் கத்தரித்து, தவறாக ஒட்டியதைப்போல் இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதென்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள், மாணவர்களே. கிழிசல் தெரியும் இடத்தில் காணொளியை நிறுத்திப் பாருங்கள். நின்ற படம் முழுமையாக இருந்தால் காணொளியில் குறையில்லை. கணினி அதைக் காட்டும் நேரத்தில்தான் கோளாறு. நிறுத்திய பிறகும் கிழிசல் அப்படியே இருந்தால் அது பதிவிலேயே கலந்துவிட்டது.

சாதாரணக் கணினித் திரை விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. முழுப் படமும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. மேலிருந்து கீழாக, வரிவரியாக, சுமார் 16.7 மில்லி விநாடிகளில் மாறுகிறது. அந்தப் படத்தை நினைவகத்தில் தயாராக வைப்பது கிராபிக்ஸ் சில்லின் வேலை. திரை பாதி வரிகளைத் தாண்டியிருக்கும்போது சில்லு அடுத்த படத்தை வைத்துவிட்டால், மேல் பாதியில் பழைய படமும் கீழ் பாதியில் புதிய படமும் நிற்கும். கிழிசல் என்பது இதுதான்.

அப்படியானால், செய்தி வாசிப்பவரின் முகம் ஏன் கிழிவதில்லை? கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 24 படங்கள் கொண்ட காணொளியில் ஒரு கார் விநாடிக்கு 960 படப்புள்ளிகள் நகர்கிறது என்றால், அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே அது 40 புள்ளிகள் தள்ளியிருக்கும். கிழிசலின் விலகலும் அந்த 40 புள்ளிகளே. வாசிப்பவரோ அசைவதே இல்லை. கிழிசல் அங்கும் நேரலாம். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு காத்திருப்பது. திரை கடைசி வரியை முடித்து மீண்டும் மேலே தொடங்கும் சிறு இடைவெளியில் மட்டும் படத்தை மாற்றும்படி சில்லுக்குச் சொல்லலாம். இந்த அமைப்புக்கு 'வி-சிங்க்' என்று பெயர். கிராபிக்ஸ் அமைப்புகளில் அதை இயக்குங்கள். சரியாகவில்லையா? கிராபிக்ஸ் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிறகு உலாவியின் வன்பொருள் முடுக்கத்தை மாற்றிப் பாருங்கள். வெவ்வேறு புதுப்பிப்பு வேகமுள்ள இரண்டு திரைகளை இணைத்திருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

இணைய வேகத்தை உயர்த்தப் பணம் கட்டுவது இதற்கு வீண். இணையம் மெதுவானால் படம் நிற்கும், கட்டம் கட்டமாக மங்கும், கிழியாது. 24 படங்கள் 60-க்குள் சமமாகப் பொருந்தாததால் ஒரு படம் 2 முறை, அடுத்தது 3 முறை என்று காட்டப்பட்டு வரும் மெல்லிய உதறலும் வேறு. அதை வி-சிங்க் போக்காது.

கடைக்காரரிடம் காட்டத் திரைப்பிடிப்பு எடுத்தால் அதில் பெரும்பாலும் கிழிசல் இருக்காது. திரைப்பிடிப்பு நினைவகத்தில் உள்ள முழுப் படத்தை எடுக்கிறது; திரையில் தெரிவதை அல்ல. கைப்பேசியால் திரையையே படம் பிடித்துக்கொண்டு போங்கள்.